டெக் ஓவனுக்கு எந்த இக்னைட்டர் வாங்குவது?

பன்னும்_டீயும்:
எங்கள் பேக்கரியில் இரண்டு அடுக்கு கேஸ் டெக் ஓவன், எல்பிஜியில் ஓடுகிறது. கொஞ்ச நாளாக மேல் அடுக்கு தகராறு செய்கிறது. ஸ்பார்க் அடிக்கிறது, பர்னர் பற்றுகிறது, சில நொடியில் தானே அணைந்து சிவப்பு லைட் வந்துவிடுகிறது, ரீசெட் அழுத்தினால் ஒரு தடவை தீ அணையாமல் எரியும், இன்னொரு தடவை மறுபடி அணைந்துவிடும். ஓவன் விற்றவர் இக்னிஷன் செட் முழுவதையும் மாற்றச் சொல்லி ஒரு விலை சொன்னார், தலை சுற்றிவிட்டது. ஆன்லைனில் பார்த்தால் வெள்ளைப் பீங்கானில் கம்பி வைத்த இக்னைட்டர், அதாவது தீயைப் பற்றவைக்கும் பாகம், எத்தனையோ விதம், எல்லாம் ஒரே மாதிரிதான் தெரிகிறது. அப்புறம் ஹாட் சர்ஃபேஸ் இக்னைட்டர் என்று ஒன்று, பழுக்கக் காய்ந்து பற்றவைக்குமாம், அதுதான் நல்லது என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பர்னர்_மெக்கானிக்:
அண்ணா, தீ பற்றுகிறது என்றால் ஸ்பார்க் நன்றாகத்தான் இருக்கிறது. பற்றிய பிறகு அணைகிறதே, கன்ட்ரோல் பாக்ஸுக்குத் தீ இருப்பது தெரியவில்லை, அதனால் வால்வை மூடிவிடுகிறது. தீக்குள் நிற்கும் கம்பியிலிருந்து தீ வழியாகப் பர்னர் உடம்புக்கு மைக்ரோ ஆம்பியர் கணக்கில் கரண்ட் போகும், அதைப் பார்த்துத்தான் பாக்ஸ் முடிவெடுக்கிறது. சில ஓவனில் ஸ்பார்க்குக்கு ஒரு கம்பி, தீயைப் பார்க்க இன்னொன்று. சிலவற்றில் ஒரே கம்பி இரண்டையும் செய்யும். உங்களுடையது எது என்று பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

கேஸை மூடி, கரண்டை நிறுத்தி, ஓவன் ஆறிய பிறகு கம்பியைக் கழற்றுங்கள். கறுப்போ வெள்ளைப் பொருக்கோ படிந்திருந்தால் நைஸான ஸ்டீல் நாரால் லேசாகத் தேய்த்தால் போதும், உப்புத்தாள் வேண்டாம். பீங்கானில் மயிரிழை விரிசல் இருந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள், அதன் வழியாக ஸ்பார்க்கும் தாவும், தீயைப் பார்க்கும் கரண்டும் கசியும்.

வாங்குவதென்றால் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். பீங்கானின் நீளம், தடிமன், பிளேட்டில் ஸ்க்ரூ துளை இருக்கும் இடம், கம்பியின் வளைவு, பின்னால் ஒயர் சொருகும் முனை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். கம்பி கான்தால் என்கிற சூடு தாங்கும் உலோகக் கலவையில் செய்ததாக இருக்கட்டும், சாதா கம்பி சூட்டில் சீக்கிரம் அரித்து வளைந்துவிடும். ஸ்பார்க் இடைவெளி பொதுவாக 3 முதல் 4 மி.மீ., ஓவன் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு.

துபாய்_கிச்சன்:
ஹாட் சர்ஃபேஸ் பக்கமே போகாதீர்கள். அது நல்ல சாமான்தான், ஆனால் அதற்கென்றே செய்த ஓவனில்தான் வேலை செய்யும். அமெரிக்க ஓவன்களில் வருவது பெரும்பாலும் 120 வோல்ட், நம் ஊர் 230-இல் நேராகக் கொடுத்தால் போயே போச்சு. அந்த ஓவன்களில் பலவற்றில் இக்னைட்டரும் கேஸ் வால்வும் ஒரே லைனில் தொடராக இருக்கும், தட்டை வகை 3.2 முதல் 3.6 ஆம்பியர் இழுத்தால்தான் வால்வே திறக்கும். பழசானால் இழுவை குறைந்துவிடும், பார்க்க ஆரஞ்சாக ஜொலித்துக்கொண்டே இருக்கும், கேஸ் மட்டும் வராது. சிலிக்கான் கார்பைடு வகை லேசாகத் தட்டினாலே உடையும், வெறும் கையால் தொடவும் கூடாது. சிலிக்கான் நைட்ரைடு கொஞ்சம் தாங்கும். உங்களுக்கு இரண்டுமே தேவையில்லை.

கோவை_ஒயரிங்:
ஒரு கேள்வி. ஜெனரேட்டரில் ஓட்டும்போது மட்டும் இப்படி ஆகிறதா?

பன்னும்_டீயும்:
இப்போது யோசித்தால் அப்படித்தான் இருக்கிறது! காலையில் எங்கள் பக்கம் கரண்ட் போய்ப்போய் வரும், அந்த நேரத்தில்தான் அதிகம். கீழ் அடுக்கும் எப்போதாவது ஜெனரேட்டரில் அணைந்திருக்கிறது. கம்பியைக் கழற்றிப் பார்த்தேன், ஒரே கம்பிதான், நல்ல கறுப்பு, விரிசல் இல்லை. தேய்த்து மாட்டியதும் ஈபி கரண்டில் ஒரு தடவைகூட அணையவில்லை.

கோவை_ஒயரிங்:
அப்படியென்றால் மீதிக் கோளாறு ஓவனுக்கு வெளியே இருக்கிறது. தீ வழியாகப் போகும் அந்தக் கரண்ட் எர்த் வழியாகத்தான் நியூட்ரலுக்குத் திரும்ப வேண்டும். சின்ன ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது, திரும்பப் பாதை இல்லாததால் தீ எரிந்தாலும் பாக்ஸ் இல்லை என்றே நினைக்கும். சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் மாறியிருந்தாலும் சில பாக்ஸ் இப்படித்தான் முரண்டு பிடிக்கும். லைசென்ஸ் உள்ள எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஜெனரேட்டர் எர்த்திங், ஈபிக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றுகிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச், ஓவன் பாடி எர்த் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே ஒயரை இழுத்துக் கட்ட வேண்டாம்.

பர்னர்_மெக்கானிக்:
ஆமாம், இதை நானே முதலில் கேட்டிருக்கலாம். அண்ணா, செட் எல்லாம் மாற்ற வேண்டாம், அதே அளவில் ஒரு கம்பி மட்டும் ஸ்பேராக வாங்கி வையுங்கள். இன்னொன்று, அணைந்ததும் ரீசெட்டை விடாமல் அழுத்துகிற பழக்கம் கடைப் பையன்களுக்கு இருந்தால் நிறுத்துங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், ஓவன் அடியில் தங்கும். கதவைத் திறந்து ஐந்து நிமிடமாவது விட்டுத்தான் மறுபடி பற்றவைக்க வேண்டும்.