கால்பேக்கில் சீரியல் போர்ட்டைப் படித்தால் வாக் பாதியில் நிற்கிறது

கேள்வி:

நெட்-எஸ்என்எம்பி ஏஜென்ட்டுக்கு (நெட்வொர்க்கில் கருவிகளைக் கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பி கேள்விகளுக்குப் பதில் தரும் புரோகிராம்) சி-யில் ஒரு மாட்யூல் எழுதுகிறேன். சீரியல் போர்ட்டில் ஒரு யுபிஎஸ். பேட்டரி வோல்ட்டேஜ், லோடு, வெப்பநிலை என்று ஏழெட்டு ஸ்கேலர்கள் (ஒற்றை மதிப்புகள்), ஒவ்வொன்றுக்கும் ஒரு கால்பேக் (அந்த மதிப்பைக் கேட்டால் ஏஜென்ட் கூப்பிடும் ஃபங்ஷன்). கெட் (ஒரு மதிப்பைக் கேட்கும் கோரிக்கை) வந்ததும் கால்பேக் யுபிஎஸ்ஸிடம் கேட்டு, வந்த பதிலைத் திருப்பி அனுப்புகிறது. யுபிஎஸ் வாய் திறக்க இரண்டு விநாடி ஆகும். அதை மாற்ற முடியாது.

ஒற்றை கெட் மெதுவாக என்றாலும் வந்துவிடுகிறது. வாக் (எல்லா மதிப்புகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்பது) போட்டால் இரண்டு வரி வந்ததும் டைம்அவுட். அந்த நேரத்தில் வேறு டெர்மினலிலிருந்து சிஸ்அப்டைம் (ஏஜென்ட் எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்ற மதிப்பு) கேட்டாலும் பதில் இல்லை. லாகைப் பார்த்தால், ஒரு தடவை கேட்டதற்கே கால்பேக் இரண்டு மூன்று தடவை ஓடியிருக்கிறது. எஸ்என்எம்பி வெர்ஷன் 2சி. டைம்அவுட்டைக் கூட்டினால் போதுமா?

பதில் 1:

கூட்டினால் உங்கள் டெர்மினலில் சரியாகிவிடும். ஆனால் கண்காணிக்கும் ஒவ்வொரு கருவியிலும் போய்க் கூட்ட வேண்டும். கால்பேக்கில் படிக்காதீர்கள். ஏஜென்ட்டின் அலாரம் வசதியை (குறித்த இடைவெளியில் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடுவது) வைத்து 30 விநாடிக்கு ஒருமுறை படித்து ஒரு ஸ்டேடிக் ஸ்ட்ரக்டில் வையுங்கள். கால்பேக் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும்.

பதில் 2:

பாதி சரி. அலாரமும் அதே த்ரெட்டில்தான் ஓடுகிறது. அங்கே உட்கார்ந்து இரண்டு விநாடி காத்திருந்தால், 30 விநாடிக்கு ஒருமுறை ஏஜென்ட் மொத்தமும் இரண்டு விநாடி ஊமையாகும். அப்போது வரும் கெட்டை யார் கவனிப்பது?

லாகில் பார்த்ததற்குக் காரணம் இதுதான். கிளையன்ட் வழக்கமாக 1 விநாடி பொறுத்துப் பார்க்கும், பதில் இல்லையென்றால் திரும்ப அனுப்பும், அதிகபட்சம் 5 முறை. உங்கள் கால்பேக் முதல் பாக்கெட்டோடு மல்லுக்கட்டும்போதே அதன் நகல் யுடிபி சாக்கெட்டில் வந்து நிற்கிறது. முதல் பதில் போன பிறகும் ஏஜென்ட் அந்த நகலை எடுத்து மறுபடி யுபிஎஸ்ஸிடம் கேட்கிறது. வாக்கின் அடுத்த கேள்வி அதற்குப் பின்னால் வரிசையில். அதற்கும் நகல்கள். மூன்றாவது கேள்வியின் முறை வருவதற்குள் கிளையன்ட்டின் 6 விநாடியும் தீர்ந்துவிடும். ஒற்றை கெட் தப்பிப்பதும் வாக் சாவதும் இதனால்தான்.

செய்ய வேண்டியது: அலாரத்தில் கேள்வியை மட்டும் சீரியலில் எழுதிவிட்டு உடனே திரும்புங்கள். போர்ட்டை நான்-பிளாக்கிங்காக (தரவு வரும்வரை காத்து நிற்காதபடி) திறந்து, அதன் ஃபைல் டிஸ்கிரிப்டரை ரெஜிஸ்டர்_ரீட்எஃப்டி மூலம் ஏஜென்ட்டிடம் ஒப்படையுங்கள். ஏஜென்ட் தன் சாக்கெட்டுகளோடு அதையும் செலக்டில் (பல டிஸ்கிரிப்டர்களை ஒரே நேரத்தில் கவனிக்கும் சிஸ்டம் கால்) கவனிக்கும், பைட் வந்ததும் உங்கள் ஃபங்ஷனைக் கூப்பிடும். பதில் துண்டு துண்டாக வரும் என்பதால் வரி முடியும்வரை பஃபரில் சேர்த்து, முடிந்ததும் ஸ்ட்ரக்டை மாற்றுங்கள். த்ரெட் போடலாமே என்று தோன்றும். போட்டாலும் அதிலிருந்து எந்த எஸ்என்எம்பி ஃபங்ஷனையும் தொடாதீர்கள்.

ஏஜென்ட்எக்ஸ் சப்ஏஜென்ட்டாக (முதன்மை ஏஜென்ட்டான மாஸ்டரோடு பேசும் தனிப் புரோகிராமாக) தனியே ஓட்டினால் சிஸ்அப்டைமாவது பிழைக்கும். ஆனால் மாஸ்டரும் சப்ஏஜென்ட்டுக்காக இயல்பாக 1 விநாடிதான் பொறுக்கும், ஆகவே காத்திருக்கும் கால்பேக் அங்கேயும் உதைபடும்.

கேட்டவர்:

புரிந்தது, நன்றி. இரண்டு சந்தேகம். கேபிளைப் பிடுங்கிவிட்டால் ஸ்ட்ரக்டில் பழைய மதிப்பே இருக்குமே? அப்புறம், லோ-பேட்டரி வரம்பை செட் (மதிப்பை மாற்றும் கோரிக்கை) மூலம் மாற்றினால் யுபிஎஸ் நான்கு முறை பீப் அடிக்கிறது.

பதில் 2:

நான்கு பீப் என்றால் கால்பேக்கில் மோடைப் (எந்தக் கட்டத்துக்காகக் கூப்பிட்டது என்பதை) பார்க்காமலே எழுதுகிறீர்கள். ஒரு செட்டுக்கு அதே கால்பேக் ரிசர்வ்1, ரிசர்வ்2, ஆக்‌ஷன், கமிட் என்று நான்கு தடவை கூப்பிடப்படும். ரிசர்வ்1-இல் டைப்பையும் எல்லையையும் சோதியுங்கள், ரிசர்வ்2-இல் பழைய மதிப்பை எடுத்து வையுங்கள், ஆக்‌ஷனில் எழுதுங்கள். ஆக்‌ஷனில் ஏதாவது தோற்றால் அன்டூ வரும், அங்கே பழையதைத் திரும்ப எழுத வேண்டும். மிப்2சி (மாட்யூலுக்கான சி கோடை உருவாக்கித் தரும் கருவி) கக்கும் கோடில் இந்த ஸ்விட்ச் முழுதாக இருக்கும். நிறையப் பேர் அதைக் குப்பை என்று நினைத்து முதல் வேலையாக அழித்துவிடுகிறார்கள்.

பழைய மதிப்புக்கு: ஸ்ட்ரக்டில் கடைசியாகப் படித்த நேரத்தையும் வையுங்கள். மூன்று சுற்று தவறிவிட்டால் எண் தராமல் நோ-சச்-இன்ஸ்டன்ஸ் ('அப்படி ஒரு மதிப்பு இல்லை' என்ற பதில்) திருப்புங்கள். சிலர் பூஜ்யம் அனுப்புவார்கள். பூஜ்யம் வோல்ட் என்று வரைபடத்தில் விழுந்தால், போனது கேபிளா பேட்டரியா என்று நள்ளிரவில் யாருக்குத் தெரியும்?