துபாய்க்கு டீச்சரா வர்றீங்களா? ஸ்கூல் குடுக்குற ஃப்ளாட்டா, நம்ம பேர்ல வாடகை வீடா

போன வாரம் ஒரு தங்கச்சி கேட்டிருந்தாங்க, ஏப்ரல்ல துபாய்ல ஒரு சிபிஎஸ்இ ஸ்கூல்ல சேரப் போறாங்க, ரெண்டு ஆஃபர் கையில இருக்கு, ஒண்ணுல சம்பளம் கம்மி ஆனா ஸ்கூலே தங்க இடம் குடுக்குது, இன்னொண்ணுல வீட்டு அலவன்ஸையும் சேர்த்து மொத்தமா குடுத்துடுறாங்க, எது எடுக்கலாம்னு. நாலு வரியில பதில் போடலாம்னு உட்கார்ந்தேன், முடியல. நான் 2013ல மேத்ஸ் டீச்சரா வந்தேன், முதல் வருஷம் ஸ்கூல் ஃப்ளாட், அதுக்கப்புறம் வாடகை வீடு. அதனால இத விவரமாவே சொல்றேன், பின்னாடி வர்றவங்களுக்கும் உதவும்.

முதல்ல என் பதில். தனியா வர்றீங்கன்னா முதல் வருஷம் ஸ்கூல் ஃப்ளாட்ல இருங்க, ரெண்டாவது வருஷம் வெளிய வந்துடுங்க. வர்றப்பவே வெளிய வர்ற கணக்குல வாங்க. ஏன்னு சொல்றேன்.

ஊர்ல வாடகைன்னா மாசாமாசம் குடுப்போம். இங்க வாடகையை வருஷக் கணக்குலதான் பேசுவாங்க, அத ஒரு செக், ரெண்டு செக், நாலு செக், சில இடத்துல ஆறு பன்னெண்டுன்னு பிரிச்சு பின்தேதி போட்டு மொத்தமா முதல் நாளே வாங்கி வச்சுக்குவாங்க. நமக்கு அலவன்ஸ் வர்றதோ மாசாமாசம். புதுசா வர்றவங்க மாட்டிக்கறது இந்த எடத்துலதான். அதுவும் போக செக் புக் வேணும்னா பேங்க் அக்கவுண்ட் வேணும், அக்கவுண்டுக்கு எமிரேட்ஸ் ஐடி வேணும், ஐடி வர மெடிக்கல், ரெசிடென்ஸ் விசான்னு வேலை இருக்கு. எறங்கின முதல் வாரத்துலயே நம்ம பேர்ல வீடு எடுக்கறது நடக்கற காரியமில்ல.

கணக்கு போட்டுக் காட்டுறேன். ஒரு சின்ன வீடு வருஷத்துக்கு 48,000 திர்ஹம்னு வச்சுக்குவோம், கணக்கு சுலபமா வரட்டும்னு, உங்க ஏரியாவுக்குத் தகுந்தாப்ல மாத்திக்குங்க. நாலு செக்னா முதல் செக் 12,000. டெபாசிட் 5 சதவீதம், 2,400 (ஃபர்னிச்சரோட வீடுன்னா 10 சதவீதம் கேப்பாங்க). ஏஜெண்டுக்கு 5 சதவீதம் கமிஷன், அதுமேல வாட் சேர்த்து 2,520. கரண்டு தண்ணி குடுக்கற தேவாவுக்கு டெபாசிட் ஃப்ளாட்டுக்கு 2,000, கனெக்‌ஷன் குடுக்க இன்னொரு நூத்தி சொச்சம். எஜாரி, அதாவது வாடகை காண்ட்ராக்டை அரசாங்கத்துல பதியறது, அதுக்கு டைப்பிங் சென்டர்ல சுமாரா 220. ஆக சாவி கைக்கு வர்றதுக்குள்ள 19,000 திர்ஹம் தாண்டிடும். அப்புறம் பாத்தா வீடு மொட்டையா இருக்கும். ஃபர்னிச்சர் இல்லாத வீடுன்னா இங்க பல இடத்துல ஃப்ரிட்ஜும் இருக்காது, அடுப்பும் இருக்காது, வாஷிங் மெஷினும் இருக்காது, வெறும் செவுரும் ஏசியும்தான். டுபிசில்ங்கற சைட்ல ஊருக்குப் போறவங்க சாமான் விப்பாங்க, அதுல வாங்கினா பாதி மிச்சம்.

இன்னொண்ணு பல பேருக்குத் தெரியாது, தேவா பில்லுலயே ஹவுசிங் ஃபீன்னு முனிசிபாலிட்டி வாங்கும், வருஷ வாடகையில 5 சதவீதம், அத பன்னெண்டா பிரிச்சு மாசாமாசம். 48,000 வீட்டுக்கு மாசம் 200. ஏசியும் கேட்டுக்கணும், சில பில்டிங்ல சில்லர் ஃப்ரீ, அதாவது கூலிங்குக்குத் தனியா காசு இல்ல, சில இடத்துல கூலிங்குக்கே தனி கம்பெனி, தனி டெபாசிட், தனி பில். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் ஏசிய நிறுத்தவே முடியாது, அதனால வீடு பாக்கப் போறப்ப வாடகைக்கு அடுத்த கேள்வி இதுதான்.

இத்தனையும் வர்ற அன்னிக்கே கடன் வாங்கி செய்யாதீங்கன்னுதான் முதல் வருஷம் ஸ்கூல் ஃப்ளாட்னு சொல்றேன். ப்ரொபேஷன் ஆறு மாசம் வரைக்கும் வைக்கலாம், அந்த ஆறு மாசத்துல அந்த ஸ்கூல் நமக்கு ஒத்து வருமா, நம்மள அவங்க வச்சுக்குவாங்களான்னே தெரியாது, அதுக்குள்ள ஒரு வருஷ காண்ட்ராக்ட்ல கையெழுத்து போட்டுட்டு செக்கையும் குடுத்துட்டு நின்னா ராத்திரி தூக்கம் வராது. வாடகைக்கு இருக்கற நாம நடுவுல காலி பண்ணணும்னா அதுக்கு காண்ட்ராக்ட்லயே வழி எழுதியிருக்கணும், பெரும்பாலும் ரெண்டு மாச வாடகை அபராதம்னு போடுவாங்க. எழுதலேன்னா வீட்டு ஓனர் மனசு வச்சாதான் உண்டு.

இப்ப ஸ்கூல் ஃப்ளாட் எப்படி இருக்கும்னு சொல்றேன். நாங்க ரெண்டு பெட்ரூம் வீட்ல அஞ்சு பேர், எல்லாரும் டீச்சர், கேரளாக்காரங்க ரெண்டு பேர், ஹைதராபாத் ஒருத்தங்க, நான், தூத்துக்குடி அக்கா ஒருத்தங்க. கரண்டு, தண்ணி, கேஸ் எதுக்கும் காசு இல்ல. காலையில கீழேயே ஸ்கூல் பஸ் வந்துடும். முதல் மூணு மாசம் அந்த அக்கா இல்லேன்னா நான் திரும்பி ஊருக்கே போயிருப்பேன், எந்தக் கடையில புளி நல்லா இருக்கும், ஊருக்குப் பணம் எங்க அனுப்பறது, ஐடி கார்டுக்கு எங்க கைரேகை வைக்கணும், எல்லாம் அவங்கதான். அந்த நன்றி இன்னைக்கும் இருக்கு. வாடகை வீட்ல தனியா போய் விழுந்திருந்தா இது கிடைச்சிருக்காது.

ஆனா அந்த வீட்டோட சாவி நம்மளது இல்ல. ராத்திரி ஒன்பதரைக்கு மேல வெளிய இருந்தா காலையில சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சிருக்கும். எங்கம்மா விசிட் விசாவுல வந்தப்ப ஒரு ராத்திரி தங்க வைக்க அனுமதி கிடைக்கல, தெரிஞ்சவங்க வீட்ல தங்க வச்சேன், அன்னிக்கு ரொம்ப அழுதேன். நடுவுல ஒரு ஃப்ளாட்டை ஸ்கூல் காலி பண்ணிட்டாங்க, அங்க இருந்த ரெண்டு பேரையும் எங்க ஹால்ல பெட் போட்டுத் தங்கச் சொன்னாங்க, யார்கிட்ட போய் கேக்கறது? சம்பளம் குடுக்கறவங்களே வீட்டு ஓனராவும் இருந்தா ஒரு இடத்துல சண்டை போட்டா ரெண்டு இடத்துலயும் அடி விழும். கூட இருந்த ஒருத்தங்களுக்கு காண்ட்ராக்ட் புதுப்பிக்கல, வேலை முடிஞ்ச நாள்லேர்ந்து 30 நாளுக்குள்ள கம்பெனி குடுத்த இடத்தைக் காலி பண்ணணும்ங்கறது சட்டம், அந்த ஒரு மாசத்துல அவங்க வேலையும் தேடினாங்க, தங்க இடமும் தேடினாங்க, செட்டில்மெண்ட் காசுக்கும் அலைஞ்சாங்க. அதை கண்ணால பாத்தப்பதான் நான் முடிவு பண்ணேன், அடுத்த ஏப்ரல் என் பேர்ல ஒரு வீடு.

கல்யாணம் ஆனவங்களுக்கு இது இன்னும் முக்கியம். குடும்பத்தை ஸ்பான்சர் பண்ண சம்பளம் 4,000 திர்ஹம், இல்லேன்னா 3,000 சம்பளமும் அதோட சேர்த்து தங்கும் இடமும்னு விதி. இதுல பெண்களும் ஸ்பான்சர் பண்ணலாம். ஆனா அஞ்சு பேர் இருக்கற லேடீஸ் ஃப்ளாட்டுக்கு வீட்டுக்காரரையும் பிள்ளையையும் எப்படிக் கூட்டிட்டு வர்றது? நம்ம பேர்ல எஜாரி இருந்தாதான் விசாவுக்கு வழி சுலபம். என் வீட்டுக்காரர் வந்தது ரெண்டாவது வருஷம்தான், எஜாரி கையில வந்த மாசமே பேப்பரைப் போட்டேன்.

ஆஃபர் லெட்டர்ல மொத்தத்தைப் பாக்காதீங்க, பேசிக் எவ்ளோன்னு பாருங்க. பணிக்கொடை, அதான் கிராஜுவிட்டி, பேசிக்லதான் கணக்கு, முதல் அஞ்சு வருஷம் வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதுக்கு மேல வருஷத்துக்கு 30 நாள். பேசிக் 2,500ன்னா ஒரு வருஷத்துக்கு 1,750 வரும், பேசிக் 4,000ன்னா 2,800. வேலை போனா வர்ற இன்சூரன்ஸும், 2023லேர்ந்து எல்லாரும் கட்டாயமா எடுக்கணும்னு வந்ததே அது, அதுவும் பேசிக்ல 60 சதவீதம், அதிகபட்சம் மூணு மாசம், அதுவும் 12 மாசம் கட்டியிருந்தாதான். நாமளே ராஜினாமா பண்ணா வராது. ரெண்டு ஆஃபரும் மொத்தத்துல ஒண்ணு போலத் தெரிஞ்சாலும், ஒண்ணுல பேசிக்கை சின்னதா வச்சு அலவன்ஸை ஊதி வச்சிருப்பாங்க. தங்கச்சி, உங்க ரெண்டு லெட்டரையும் எடுத்து இந்த ஒரு வரிய மட்டும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.

இன்னொரு கேள்வி எச்ஆர்கிட்ட கேக்கணும், அதுவும் மெயில்ல. பின்னாடி நான் ஸ்கூல் ஃப்ளாட் வேணாம்னு சொன்னா அதுக்குப் பதிலா அலவன்ஸ் எவ்ளோ தருவீங்க, எப்பலேர்ந்து? 2022ல வந்த புது தொழிலாளர் சட்டத்துல வேலை குடுக்கறவங்க தங்க இடம் குடுக்கணும், இல்ல அதுக்கான காசு குடுக்கணும், இல்ல சம்பளத்துலயே சேர்த்திருக்கணும்னு இருக்கு. வாயால சொன்னத நம்பி நான் ஏமாந்தேன், வெளிய வந்தப்போ எங்க ஸ்கூல் ஆறு மாசம் அலவன்ஸே தரல, "அது அடுத்த கல்வியாண்டுலேர்ந்துதான்"னாங்க. எழுத்துல வாங்கியிருந்தா கேட்டிருக்கலாம். சில ஸ்கூல்ல வாடகைக்கு அட்வான்ஸ் குடுத்து சம்பளத்துல பிடிச்சுக்குவாங்க, அதையும் கேளுங்க, அது ரொம்பப் பெரிய உதவி.

வெளிய வந்தப்புறம் நமக்கு சட்டம் துணை இருக்கு, அத யாரும் சொல்லித் தர மாட்டாங்க. வாடகை ஏத்தணும்னா காண்ட்ராக்ட் முடிய 90 நாள் முன்னாடியே சொல்லணும். எங்க வீட்டு ஓனர் இருபது நாள் இருக்கறப்ப 6,000 ஏத்தறேன்னு வாட்ஸப் பண்ணார், நான் பணிவா அந்த 90 நாள் விதியையும் துபாய் லேண்ட் டிபார்ட்மெண்ட் சைட்ல இருக்கற வாடகை கால்குலேட்டர் காட்டின தொகையையும் அனுப்பினேன், பழைய வாடகைக்கே கையெழுத்து போட்டார். 2013ல வந்த ஆணைப்படி சந்தை வாடகையை விட நம்ம வாடகை 10 சதவீதம் வரைக்கும் கம்மியா இருந்தா ஏத்தவே முடியாது, எவ்ளோ கம்மியா இருந்தாலும் ஒரு தடவைக்கு 20 சதவீதத்துக்கு மேல போக முடியாது. வீட்டை விக்கப்போறேன், இல்ல நானே குடி வரப்போறேன்னு சொல்லிக் காலி பண்ணச் சொன்னா 12 மாச நோட்டீஸ், நோட்டரி மூலமாவோ ரெஜிஸ்டர்ட் தபால்லயோ வரணும், வாட்ஸப்ல வந்தா செல்லாது. இதெல்லாம் எஜாரி இருந்தாதான் பேச முடியும். இது துபாய் கதை, ஷார்ஜா போனா விதிகளும் வேற, கரண்டு தண்ணிக்கும் தேவா இல்ல, சேவான்னு வேற ஆபீஸ்.

ஷார்ஜா வாடகை கம்மின்னு நிறைய டீச்சர்ஸ் அங்க எடுப்பாங்க. ஸ்கூல் துபாய்ல இருந்தா ரோட்டை யோசிங்க. இத்திஹாத் ரோட்ல காலையில நிக்கற வண்டிங்க பாத்திருக்கீங்களா? ஏழு மணிக்குள்ள பஞ்ச் பண்ணணும்னா அஞ்சே காலுக்குக் கிளம்பணும், சின்னக் குழந்தை இருக்கறவங்களுக்கு அது வருஷம் முழுக்க முடியாத வேலை. ஸ்கூல் பஸ் உங்க ஏரியா வரைக்கும் வருதா, டீச்சர்ஸ ஏத்திக்குவாங்களான்னு கேட்டுட்டு வீடு பாருங்க. குசைஸ், முஹைஸ்னா, கராமா பக்கம் நம்மாளுங்க அதிகம், குசைஸ்ல மெட்ரோவும் இருக்கு.

காசு மிச்சம்னு பார்ட்டிஷன் ரூமுக்கு மட்டும் போகாதீங்க. பலகை வச்சு அடைச்ச ரூம், ஜன்னல் இல்லாதது, தீப்பிடிச்சா வெளிய வர வழி இல்லாதது. 2025 ஜூன்ல துபாய் முனிசிபாலிட்டி ரிக்கா, முரக்காபாத், சத்வா, பர்ஷா பக்கமெல்லாம் இறங்கி சோதனை போட்டாங்க, நிறைய பேர் திடீர்னு வெளிய நின்னாங்க. ரெண்டு டீச்சர் சேர்ந்து ஒரு வீடு எடுக்கறது நல்ல யோசனைதான், ஆனா ரெண்டு பேர் பேரும் லேண்ட் டிபார்ட்மெண்டோட துபாய் ரெஸ்ட் ஆப்ல பதிஞ்சிருக்கணும், வீட்டு ஓனருக்கும் தெரிஞ்சிருக்கணும், அந்த பில்டிங்ல பேச்சலர் விடுவாங்களான்னும் பாக்கணும், ஃபேமிலி ஒன்லின்னு சொல்ற பில்டிங் நிறைய.

செக்ல கவனம். முன்ன மாதிரி பவுன்ஸ் ஆனாலே கிரிமினல் கேஸ்ங்கறது 2022ல பெருமளவு மாறிடுச்சு, ஆனா அந்த செக்கை வச்சே ஓனர் நேரா கோர்ட்டோட அமலாக்கப் பிரிவுக்குப் போய் பணத்தை வசூலிக்கலாம். செக் போடற தேதியை சம்பளம் வர்ற தேதிக்கு அஞ்சு நாள் தள்ளிப் போடச் சொல்லுங்க, பெரும்பாலும் ஒத்துக்குவாங்க. சாவி வாங்கின அன்னிக்கே செவுரு, பாத்ரூம், ஏசி, எல்லாத்தையும் வீடியோ எடுத்து ஏஜெண்டுக்கு அனுப்பிடுங்க, டெபாசிட் திரும்பி வர்றதுக்கு அதுதான் சாட்சி.

ஜூலை ஆகஸ்ட் ரெண்டு மாசம் ஊருக்குப் போறப்ப வீடு சும்மா கெடக்குமேன்னு ஒருத்தங்க கேட்டாங்க. கெடக்கும்தான், அந்த வாடகையும் வருஷக் கணக்குல சேர்ந்ததுதான். அதை நான் நஷ்டமா நினைக்கல, ஆகஸ்ட் கடைசியில திரும்பி வந்து கதவைத் திறந்தா என் பாத்திரம் என் அலமாரியில வச்ச எடத்துல இருக்கும்.

தங்கச்சிக்கு இன்னும் ஒண்ணு, ஊர்ல இருக்கறப்பவே செய்ய வேண்டியது. இட்லி குண்டான், கிரைண்டர்லாம் தூக்கிட்டு வராதீங்க, கராமாவுல எல்லாம் கிடைக்குது. கல்யாண சர்டிபிகேட்டையும் குழந்தை பர்த் சர்டிபிகேட்டையும் அட்டெஸ்ட் பண்ணிக் கொண்டு வாங்க, முதல்ல மாநில அரசு, அப்புறம் வெளியுறவுத்துறை, அப்புறம் யுஏஇ தூதரகம், மூணு முத்திரையும் இருக்கணும், நாலாவதா யுஏஇ வெளியுறவு அமைச்சகத்தோட கடைசி முத்திரையை இங்க வந்து போட்டுக்கலாம். நான் அதச் செய்யாம வந்து ஊருக்கு கூரியர் அனுப்பி வாங்கறதுக்குள்ள ரெண்டு மாசம் போச்சு. பேசிக் எவ்ளோன்னு பாத்துட்டு இங்கயே சொல்லுங்க, ஸ்கூல் எந்த ஏரியான்னும் சொன்னா வீடு எங்க பாக்கலாம்னு யோசிச்சு எழுதறேன்.