‘ஆலமரம்’ குடும்பக் குழு: எந்தக் கேமரா?

நான்: எல்லோரிடமும் ஒரு யோசனை கேட்கிறேன். பறவை, விலங்குகளைப் படம் எடுக்கக் கேமரா வாங்கப் போகிறேன். கையில் இருக்கும் பணத்துக்குப் புதிய தொடக்கநிலை மிர்ரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) ஒன்றும் அதோடு தரும் இரண்டு லென்ஸும் வரும். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. வாங்கிவிடலாமா?

அக்கா: போன மாதம் கிதார் வாங்கப் போவதாகச் சொன்னாய்.

மாமா: மருமகனே, யோசிக்கவே வேண்டாம். நிக்கான் பி1000 வாங்கு. 125 மடங்கு ஜூம்! லென்ஸின் குவியத்தூரம் 3000 மி.மீ. வரை போகும். நிலாவின் பள்ளங்களைப் பக்கத்தில் போய்ப் பார்ப்பது போல் எடுக்கலாம். லென்ஸ் மாற்றும் தொல்லையும் இல்லை.

சித்தப்பா: அத்தான், நிலா திடீரென்று பறந்து போகாது. புதருக்குள் ஒளியவும் செய்யாது.

மாமா: மச்சான் வந்துவிட்டார். இனி என் பேச்சு எடுபடாது.

அத்தை: 3000 என்பது நல்லதுதானே? அதில் என்ன குறை?

சித்தப்பா: அக்கா, அது 3000 மி.மீ. லென்ஸுக்கு ஈடான பார்வைக் கோணம், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் சென்சார் (ஒளியைப் படமாக மாற்றும் சில்லு) சுமார் 6.2 x 4.6 மி.மீ.; சுண்டுவிரல் நகத்தை விடச் சிறியது. நிக்கானின் சாதாரண டிஎஸ்எல்ஆரில் (உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றும் கேமரா) அது 23.5 x 15.6. பரப்பில் ஏறத்தாழ 13 மடங்கு. போதாததற்கு, ஜூமை முழுதாக இழுத்தால் ஒளி புகும் திறப்பு எஃப்/8 ஆகச் சுருங்கிவிடும் (எஃப் எண் கூடக்கூடத் திறப்பு சிறிது). விலங்குகள் நடமாடுவதோ விடியலிலும் அந்தி நேரத்திலும். அந்த வெளிச்சத்தில் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். நடுப்பகலில் தூரத்து மானை இழுத்தால் இடையிலுள்ள சூடான காற்று அலையடித்து உருவத்தைக் குழப்பிவிடும். அதை எந்த விலையுள்ள லென்ஸாலும் சரிசெய்ய முடியாது.

மாமா: அப்படியென்றால் அது குப்பையா?

சித்தப்பா: இல்லை. நல்ல வெயிலில் கிளையில் அமர்ந்திருக்கும் பறவையை எடுத்து, என்ன இனம் என்று கண்டுபிடிக்க அதைப்போல் வசதியானது வேறில்லை. இவன் எதை எடுக்கப் போகிறான் என்பதைப் பொறுத்தது. தம்பி, எதை எடுக்கப் போகிறாய்?

நான்: முதலில் குளத்துப் பறவைகள். முக்கியமாக மீன்கொத்தி, முடிந்தால் அது பாயும்போது. பிறகு மான்.

சித்தப்பா: அப்படியானால் அந்த இரண்டு லென்ஸ் தொகுப்பை மற. அதில் வரும் நீளமான லென்ஸ் பெரும்பாலும் 210 அல்லது 250 மி.மீ.யில் நின்றுவிடும். கணக்குப் போட்டுப் பார். சிறிய மீன்கொத்தி சுமார் 16 செ.மீ. நீளம். பத்து மீட்டர் தள்ளி அது உட்கார்ந்திருந்தால் 250 லென்ஸில் சென்சார் மீது விழும் உருவம் 4 மி.மீ. 500 லென்ஸில் 8 மி.மீ. குவியத்தூரம் இரண்டு மடங்கு என்றால் பறவைக்குக் கிடைக்கும் பிக்சல்கள் நான்கு மடங்கு. பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா) எவ்வளவு புதியதாக இருந்தாலும் இந்த வித்தியாசத்தை ஈடுகட்டாது. உன் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கு லென்ஸுக்குப் போகட்டும். மிச்சத்துக்கு ஒரு பழைய பாடி.

நான்: பழையதா?! இப்போது வரும் கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமாகவே தேடிப் பிடிக்கின்றன சித்தப்பா.

சித்தப்பா: உண்மைதான், மறுக்கவில்லை. 2022-இல் வந்த கேனான் ஆர்10 அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. அதற்கு 100-400 ஆர்எஃப் (கேனான் மிர்ரர்லெஸ்ஸுக்கான) லென்ஸ் ஒன்று இருக்கிறது. எடை வெறும் 635 கிராம். பணம் இருந்தால் அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் அதுவும் 400-இல் எஃப்/8 தான். தவிர, இரண்டையும் சேர்த்து வாங்க உன்னால் முடியுமா?

நான்: முடியாது.

சித்தப்பா: அதனால்தான் சொல்கிறேன். கேனான் 7டி மார்க் 2 பார். 2014-இல் வந்தது. வினாடிக்கு 10 படம், 65 ஃபோகஸ் புள்ளிகள். வந்த காலத்தில் பறவைப் படக்காரர்கள் விரும்பிச் சுமந்த பாடி. பயன்படுத்தியது இப்போது சல்லிசாகக் கிடைக்கிறது. நிக்கான் பக்கம் போவதென்றால் 2015-இல் வந்த டி7200. டி3000, டி5000 வரிசைகளில் ஒன்றை வாங்கிவிடாதே. அவற்றின் பாடியில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப் லென்ஸ் மாட்டினால் கையால்தான் திருகவேண்டும்.

அக்கா: லென்ஸ் என்ன எடை? இவன் கடைசியில் என் தோளில்தான் மாட்டுவான்.

சித்தப்பா: நியாயமான கேள்வி. சிக்மா (கன்டெம்பரரி), டாம்ரான் 150-600 லென்ஸ்கள் இரண்டு கிலோவை ஒட்டி. நிக்கான் 200-500, 2.3 கிலோ. கேனான் 400 எஃப்/5.6 மட்டும் 1.25 கிலோ. 1993-இல் வந்த லென்ஸ். ஜூம் இல்லை, அதிர்வுத் தடுப்பு இல்லை. ஆனால் கூர்மை அபாரம், ஃபோகஸும் சட்டென்று பிடிக்கும்.

மாமா: அதிர்வுத் தடுப்பு இல்லாமல் கையில் பிடித்து எடுக்கவா? படம் ஆடும் மச்சான்.

சித்தப்பா: பாயும் மீன்கொத்திக்கு எப்படியும் 1/2000 வினாடி ஷட்டர் வேகம் வேண்டும் அத்தான். அந்த வேகத்தில் கை நடுக்கம் தெரியாது. அந்தியில் நிற்கும் மானுக்கு நீங்கள் சொல்வது சரி. அதற்கு மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) வேண்டும். மானுக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால் நானே இதைச் சொல்லியிருக்க மாட்டேன். இன்னொரு லாபம்: இந்த 400 போன்ற இஎஃப் (கேனான் டிஎஸ்எல்ஆருக்கான) லென்ஸ்களை அடாப்டர் போட்டுக் கேனான் மிர்ரர்லெஸ்ஸிலும் மாட்டலாம், ஃபோகஸ் வேலை செய்யும். நாளை பணம் வரும்போது பாடியை மட்டும் மாற்றினால் போதும்.

அப்பா: கைபேசியில் எடுத்தால் ஆகாதா?

அக்கா: அப்பா, மேலே உள்ளதையெல்லாம் படியுங்கள்.

அத்தை: எனக்கு ஒன்று புரியவில்லை. பெரிய லென்ஸ் வாங்குவதற்குப் பதில் இன்னும் கொஞ்சம் கிட்டே போய் எடுக்கக் கூடாதா?

சித்தப்பா: அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. பத்து மீட்டர் ஐந்தானால் 250 லென்ஸ் 500 ஆனதற்குச் சமம். ஆனால் நாம் நெருங்கிப் போனால் அது பறந்துவிடும். மீன்கொத்தி வழக்கமாக வந்து உட்காரும் கிளையைக் கண்டுபிடித்து, மறைவாக அசையாமல் காத்திருந்தால் அதுவே வரும். கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகவே கூடாது. தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுப் போய்விடலாம்.

நான்: பயன்படுத்திய 7டி மார்க் 2-உம் 400 லென்ஸும் சேர்த்து ஒருவர் விற்கிறார். நாளை பார்க்கப் போகிறேன். எதையெல்லாம் பார்க்கவேண்டும்?

சித்தப்பா: லென்ஸின் இரண்டு மூடிகளையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பார். உள்ளே சிலந்தி நூல் போலக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. விலை எவ்வளவு குறைத்தாலும் வாங்காதே. தூசி நாலைந்து இருந்தால் பரவாயில்லை. பிறகு சுவரில் ஒரு செய்தித்தாளை ஒட்டி நேராக நின்று எடு. லென்ஸுக்கு குறைந்தது 3.5 மீட்டர் தூரம் வேண்டும், இல்லையென்றால் ஃபோகஸ் ஆகாது. நான்கு மூலை எழுத்துகளும் ஒரே அளவு தெளிவாக இருக்கவேண்டும். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது, கீழே விழுந்த லென்ஸாக இருக்கும். ஷட்டர் (ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை) எத்தனை முறை அடித்திருக்கிறது என்றும் கேள். அந்தப் பாடிக்கு நிறுவனம் சொன்ன கணக்கு 2 லட்சம். ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்.

அப்பா: வாங்கினால் பீரோவில் துணிக்கு நடுவில் திணிக்காதே. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வை.

அக்கா: கைபேசி போதும் என்றவர் பேசுகிறார்.

நான்: சித்தப்பா, உங்கள் மோனோபாட் கொஞ்ச நாளைக்கு இரவல் கிடைக்குமா? பணம் அதோடு தீர்ந்துவிடும்.

சித்தப்பா: தருகிறேன். முதலில் அந்தச் செய்தித்தாள் படத்தை அனுப்பு. வாட்ஸ்அப் படமாக அனுப்பாதே, சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பு. நான் பார்த்துச் சொல்லும் வரை முன்பணம் கொடுக்காதே.