கால் இறுக்கத்துக்கு டிஎம்எஸ்: கோவை, ஈரோடு பக்கம் எங்க இருக்குங்க?

வணக்கங்க. மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ல (மூளை, தண்டுவட நரம்புகளோட உறை கெட்டுப்போற நோய்) ரெண்டு காலும் இறுகிப்போனவருக்கு டிஎம்எஸ், அதாவது தலைக்கு வெளியில இருந்தே காந்தத் துடிப்பால மூளையைத் தூண்டற சிகிச்சை, தேடறோம். திருப்பூர்னாலும் சரி. மனச்சோர்வுக்குத் தலையில வெக்கற எட்டு வடிவ காயில் (காந்தச் சுருள்) கிடைக்கும். ஆனா காலை அசைக்கற மூளைப் பகுதி உச்சந்தலைக்குக் கீழ, நடுப்பிளவுக்குள்ள ஆழமா இருக்குது, அதுவரைக்கும் எட்டறது கஷ்டம். ஆழமா எட்டற, நடுவுல வளைஞ்ச டபுள் கோன் காயில் யார்கிட்ட இருக்குதுங்க?

கேக்கறது ஐடிபிஎஸ், அதாவது துடிப்பைக் கொத்துக் கொத்தா விட்டு விட்டுக் குடுக்கற டிஎம்எஸ் முறை: 50 ஹெர்ட்ஸ்ல மும்மூணு துடிப்பு, 2 விநாடி அடிச்சு 8 விநாடி நிறுத்தம், மொத்தம் 600. மூணு நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். மோட்டார் திரெஷோல்டை (தசை துடிக்கறதுக்குத் தேவையான குறைஞ்சபட்ச காந்த அளவு) கால் தசையிலயே பார்க்கறாங்களா? கையில பார்த்து வெச்சா அளவு தப்பிரும்.

நடக்கறதுக்கு ஃபேம்பிரிடின் மாத்திரை போகுது. அதுவே வலிப்பு அபாயத்தைக் கூட்டும், டிஎம்எஸ்லயும் அரிதா வலிப்பு வரலாம். அதனால நரம்பியல் டாக்டர் பக்கத்துலயே இருக்கணும். உடம்பு சூடேறினா காலே எழாதுங்க, அதனால காலை நேரமா, ஏசி அறையா இருந்தாச் சொல்லுங்க.