பாரிஸில் முட்டை படாத மஹ்ஜூபா எங்கே கிடைக்கும்?

அனைவருக்கும் வணக்கம். என் ஆறு வயது மகனுக்கு முட்டை ஒவ்வாமை இருப்பதை மருத்துவர் உறுதிசெய்துள்ளார். சென்ற மாதம், லா ஷப்பலை அடுத்த பார்பெஸ் பகுதியில் உள்ள எளிய அல்ஜீரிய கிரேப் (மெல்லிய தோசை போன்ற பண்டம்) உணவகம் ஒன்றில் மஹ்ஜூபா சாப்பிட்ட சிறிது நேரத்தில் அவனுக்கு உதடு வீங்கிக் கழுத்தில் தடிப்பு எழுந்தது. மருந்து கொடுத்த பின்னரே தணிந்தது.

ரவை மாவை எண்ணெய் தொட்டு மெல்லியதாக விரித்து, வெங்காயம், தக்காளி வதக்கலை உள்ளே வைத்து மடித்துச் சுடும் இந்தப் பண்டத்தில் வழக்கமாக முட்டை சேர்வதில்லை. பணியாளரும் அதையே சொன்னார். ஆனால் முட்டை கலந்த இனிப்பு கிரேப்பையும் அங்கே அதே கல்லில்தான் வார்க்கிறார்கள். தனிக் கல்லில் சுட்டுத் தரக் கேட்டேன், இயலாது என்றார்கள். உணவகங்களும் ஒவ்வாமைப் பொருள்களைத் தெரிவிக்க வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2014 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருப்பதால் எழுத்துப் பட்டியலையும் வாங்கிப் பார்த்தேன். அதில் கல்லைப் பற்றி எதுவும் இல்லை. வீட்டில் நான் சுட்டதை அவன் தொல்லையின்றி விரும்பிச் சாப்பிடுகிறான்.

பார்பெஸிலோ பாரிஸை அடுத்த சான் தெனியிலோ, மஹ்ஜூபாவுக்கென்றே தனிக் கல் வைத்திருக்கும் உணவகம் எது?