ஹ்ருதயம், ஹார்ட்: இரண்டு ‘ஹ’வும் ஒன்றுதானா?

கேள்வி:
சமஸ்கிருத ஹ்ருதயம், ஆங்கில ஹார்ட் இரண்டும் ‘ஹ’வில் தொடங்குகின்றன. கிரேக்கத்தில் கார்தியா, லத்தீனில் கோர், ரஷ்யனில் சேர்த்ஸே. எல்லாம் ஒரே வேர் என்கிறார்கள். அப்படியானால் மூலத்தின் முதல் ஒலி எது?

பதில் 1:
‘க’தான். இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியில் வடிவம் *கெர்த் (உடுக்குறி, எழுத்தில் கிடைக்காமல் ஒப்பிட்டு ஊகித்த வடிவம் என்பதைக் காட்டும்). அதன் ‘த’வை ‘இந்து’ என்பதில் வருவதுபோல ஒலிக்க வேண்டும்.

ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முடிவு கட்டாதீர்கள். ‘நூறு’ என்ற சொல்லைப் பக்கத்தில் எழுதுங்கள்: லத்தீன் கெந்தும், லித்துவேனியன் ஷிம்தாஸ், ரஷ்யன் ஸ்தோ, ஆங்கிலம் ஹண்ட்ரட். இப்போது இதயம்: கோர், ஷிர்திஸ், சேர்த்ஸே, ஹார்ட். அதே க, ஷ, ஸ, ஹ. ஆங்கில ‘ஹ’, ஜெர்மானியக் கிளையில் மெய்யொலிகள் மாறிய முறையைச் சொல்லும் கிரிம் விதிப்படி, ‘க’விலிருந்து வந்தது.

லத்தீனில் எழுவாய் வடிவம் ஏமாற்றும். ‘கோர்’ கடைசி ஒலியை இழந்தது; ஆறாம் வேற்றுமையான ‘கோர்திஸ்’ஸில்தான் அது தெரியும். கார்டியாக், கரேஜ் போன்றவற்றை ஆங்கிலச் சாட்சியாக எடுக்காதீர்கள். அவை பிற்காலத்தில் கடன் வாங்கியவை.

பதில் 2:
உண்மையான சிக்கல் சமஸ்கிருதத்தில்தான். நூறு அங்கே ‘ஶதம்’. அதே கணக்கில் இதயம் ‘ஶ்ருத்’ என்று வந்திருக்க வேண்டும், வந்ததோ ‘ஹ்ருத்’. ஜொராஸ்டிரியர்களின் பழைய ஈரானிய மொழி நூலான அவெஸ்தாவும் இதே பிறழ்வைக் காட்டுவதால், இந்திய, ஈரானியக் கிளைகள் பிரிவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. ஒலியொத்த வேறு சொல்லின் தாக்கம் என்பார்கள். எனக்கு அது முழு விளக்கமாகப் படவில்லை. எப்படியானாலும் ஹார்ட்டின் ‘ஹ’வுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேர் ஒன்று, ‘ஹ’ வந்த வழி வேறு.

எதிர்பார்த்த ‘ஶ’ அடியோடு தொலையவில்லை என்பதுதான் அழகு. ‘ஶ்ரத்தா’வைப் பிரித்தால் ஶ்ரத் + தா, ‘இதயத்தை வைத்தல்’. லத்தீன் ‘க்ரேதோ’, அதாவது நம்புகிறேன், இதே கூட்டுச்சொல். ரிக்வேதம் 10.151.4-இல் ஶ்ரத்தாவும் ஹ்ருத் வழிவந்த சொல்லும் அடுத்தடுத்து நிற்கின்றன.

கேட்டவர்:
அப்படியென்றால் நம் சிரத்தையும் கிரெடிட் கார்டும் உறவா?

பதில் 2:
ஆமாம். ‘சிரத்தையாகப் படி’ என்பதில் உள்ளதும் கிரெடிட்டில் உள்ளதும் ஒரே ‘இதயம்’. தமிழில் சிரத்தை, இருதயம், இதயம் மூன்றும் வடமொழி வழி வந்தவை. நெஞ்சு, உள்ளம் திராவிடச் சொற்கள். அவற்றை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள்.