எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்றுநோய்) செல்லில் காஸ்பேஸ்-3 (செல் தானே சாகும்போது வேலை செய்யும் நொதி) பட்டையே தெரியவில்லை, ஆன்டிபாடி கெட்டுப்போயிருக்குமா?

காட்பாடி மாணவி:
எம்சிஎஃப்-7 செல்லுக்கு மருந்து கொடுத்துவிட்டு, வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை அளவு வாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டுபிடிக்கும் சோதனை) வெட்டுப்பட்ட காஸ்பேஸ்-3க்கான முயல் பிரைமரி ஆன்டிபாடியை 1:1000 கலந்து இரவு முழுக்க 4 டிகிரியில் வைத்தேன். செல்கள் சுருங்கி மிதக்கின்றன, ஒப்பீட்டுக்குப் பார்க்கும் ஆக்டின் புரதம் பளிச்சென்று வருகிறது, ஆனால் வெட்டுப்பட்ட துண்டு வர வேண்டிய 17 கிலோடால்டன் பக்கம் ஒன்றுமே இல்லை. ஆன்டிபாடி பார்சல் வேலூர் வந்து சேர்ந்தது கத்திரி வெயிலில், அதுதான் பயமாக இருக்கிறது.

சத்துவாச்சாரி அண்ணன்:
ஆன்டிபாடியைக் குறை சொல்லாதீங்க தங்கச்சி. எம்சிஎஃப்-7இல் காஸ்பேஸ்-3 கிடையாது. அந்த ஜீனில் 47 பேஸ் விடுபட்டுப் போனதால் முழுப் புரதம் உருவாவதே இல்லை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் பட்டை வராது. அதே குடும்பத்து நொதியான காஸ்பேஸ்-7 பாருங்க.

ஆற்காட்டுக்காரி:
அண்ணன் சொன்னது சரி. ஆன்டிபாடி மேல் சந்தேகம் தீர, ஸ்டாரோஸ்போரின் (செல்லைச் சாக வைக்கும் மருந்து) கொடுத்த ஜர்காட் அல்லது ஹீலா செல்லின் லைசேட்டை (செல்லை உடைத்த கரைசல்) பக்கத்து லேனில் ஓட்டிப் பாரும்மா. துண்டு சின்னது, அதனால் 15 சதவீத ஜெல்லும் 0.2 மைக்ரான் மெம்பிரேனும் நல்லது, 0.45இல் நழுவிப் போகலாம்.

காட்பாடி மாணவி:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. ஹீலா லேபிலேயே இருக்கிறது. எம்சிஎஃப்-7இல் பார்ப் (டிஎன்ஏ பழுதுபார்ப்பில் உதவும் புரதம்) வெட்டுப்படுவதைப் பார்க்கலாமா?

சத்துவாச்சாரி அண்ணன்:
தாராளமா. காஸ்பேஸ்-7உம் அதை வெட்டும், வெட்டுப்பட்ட துண்டை 89 கிலோடால்டனில் தேடுங்க.